ரத்தினம்மாளின் இடது கால்

ஆஸ்பத்திரியில் தையல் பிரித்த அன்று கடுக்காமரத்தூர் ரத்தினம்மாளின் இடது கால் தரையை விட்டு நான்கு விரல்கடை எழும்பி நின்றது. வருஷம் 1979, தை மாதம், வெள்ளிக்கிழமை. ஆலங்காயம் சந்தையில் புளி நல்ல விலைக்குப் போன வாரம். வலது கால் வழக்கம்போல சிமெண்டுத் தரையில் இருந்தது. இடது கால் மட்டும் இறங்கமாட்டேன் என்றது. அவள் குனிந்து பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு குதி குதித்தும் பார்த்தாள். அந்த வார்டில் இருந்த மற்ற ஐந்து பெண்களும் மார்பில் புற்று வந்து அறுத்துக்கொண்டவர்கள் என்பதால் யாரும் கூச்சல் போடவில்லை. அதைவிடப் பெரியதையெல்லாம் அந்த மாதத்தில் அவர்கள் பார்த்தாகிவிட்டது. நர்ஸ் சாந்தம்மாள் வந்து, காலுக்கும் தரைக்கும் நடுவில் தன் விரல்களை நுழைத்து அளந்தாள். "ஒரு பக்கம் கனம் கொறைஞ்சா தோளு மேல ஏறும், அது எல்லாருக்கும் உள்ளதுதான். உங்களுக்குக் காலும் சேந்து ஏறிக்கினு கீது. வேற ஒண்ணுமில்ல," என்று சொல்லி அட்டையில் குறித்துக்கொண்டாள்.

இடது மார்பில் கட்டி வந்தது அதற்கு முந்தின வருஷம். கடுக்காய் அளவில் இருந்தது, வலிக்கவில்லை. வலிக்காததற்கு எதற்கு வைத்தியம் என்று ரத்தினம்மாள் எட்டு மாதம் இருந்துவிட்டாள். பல் வலித்தால் மலையிறங்கி ஓடுகிறவள்தான். சத்தமில்லாமல் வந்த கட்டிக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. காம்பு உள்ளே இழுத்துக்கொண்ட பிறகுதான் புருஷன் வேடியப்பனிடம் சொன்னாள். இரண்டு பேரும் காட்டுவழியாக ஆலங்காயத்துக்கு இறங்கி, இரண்டு பஸ் மாறி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. மார்பை முழுசாக எடுத்தால் உயிர் நிற்கும், வைத்திருந்தால் நிற்காது என்றார். வேடியப்பன் கைநாட்டு வைத்த கட்டைவிரலை மூன்று நாள் வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அந்தக் காலத்தில் அந்த ஆஸ்பத்திரியில் அறுத்த பிறகு வழி இரண்டுதான். அப்படியே விட்டுவிடலாம், இல்லாவிட்டால் ரவிக்கைக்குள் துணிப்பை வைத்துக்கொள்ளலாம். சாந்தம்மாள் தன் கையாலேயே ஒரு பை தைத்து, சோதனைக்கு ஆஸ்பத்திரி அரிசியைப் போட்டு வைத்துக் காட்டினாள். கால் டக்கென்று தரையில் இறங்கியது. ரத்தினம்மாள் சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். "வூட்டுக்குப் போயி ராகியோ கடுகோ போட்டு ரொப்பிக்குங்க. அந்தப் பக்கம் எவ்ளோ கனமோ இந்தப் பக்கமும் அவ்ளோ இருக்கணும்," என்றாள் சாந்தம்மாள்.

இங்கேதான் ரத்தினம்மாள் மலைக்காரி மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தாள். மலையில் பானையில் இருக்கிற தானியம் சோறு, துணியில் முடிந்த தானியம் விதை. தின்கிற ராகியை எடுத்துத் துணியில் போட அவளுக்குக் கை வரவில்லை. ஆகவே நல்ல கதிராகப் பார்த்து எடுத்த விதைச்சாமையை வெயிலில் காயவைத்து, சாம்பல் கலந்து, இரண்டு நொச்சி இலையும் போட்டு, அரைப்படி அளவுக்குப் பையில் நிரப்பித் தைத்துக்கொண்டாள். ஒவ்வொரு கதிரறுப்பு முடிந்ததும் பழையதைக் கொட்டிப் புதிதாக நிரப்புவாள். விதை என்று ஆனபிறகு விதைக்கு உண்டான சட்டமும் அதனுடன் வந்துவிடும் என்பதை அவள் யோசிக்கவில்லை. அந்தச் சட்டம் கடுக்காமரத்தூரில் கைக்குழந்தைக்கும் தெரியும்: விதைப்பு நாளில் விதை கேட்டு வந்தவரிடம், வைத்துக்கொண்டு இல்லை என்று சொன்னால், சொன்னவர் காட்டில் மூன்று வருஷம் கதிர் பால் பிடிக்காது.

ஊரில் அவள் சொன்னது ஒரே வார்த்தை, கட்டி. எங்கே என்று கேட்டவர்களுக்கு அக்குள் பக்கமாகக் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். தெரிந்தால் பாதிப் பொம்பளை என்பார்கள் என்று பயம். சாவுக்குக்கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை, அந்த ஒரு சொல்லுக்குத்தான் பயந்தாள். மார்பை மாராப்பு மறைத்துவிடும், அந்தரத்தில் நிற்கிற காலை எதைப் போட்டு மறைப்பது? பை இருக்கிற வரைக்கும் கால் தரையில் இருக்கும். கால் தரையில் இருக்கிற வரைக்கும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. படுக்கும்போது பையைக் கழற்றிவிடுவாள், இடது பக்கம் பாயை விட்டு எழும்பும். வேடியப்பன் தூக்கத்திலேயே ஒரு கையை அவள் இடுப்பில் போட்டு அழுத்திக்கொள்வான். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவன் அவளைக் கட்டிப்பிடித்துத் தூங்க ஆரம்பித்தது அப்போதுதான். இதற்காக ஒரு மார்பு போகவேண்டியிருந்ததே என்று அவளுக்குச் சிரிப்பும் வரும், ஆத்திரமும் வரும்.

இப்படி நான்கு வருஷம் ஓடியது. நடுவில் மலைக்கு மண்ணெண்ணெய்க் கடை வந்தது, ஊர்க்கவுண்டர் கோபால்சாமி ரேடியோ வாங்கினார், அது மூன்று மாதம் பாடிவிட்டு நின்றது. எண்பத்திரண்டில் மழை பொய்த்தது. அந்த வருஷம் மலையில் சாமை விளையவில்லை, தினை விளையவில்லை. ஜனங்கள் காட்டுக்கிழங்கைத் தோண்டித் தின்றார்கள், பிறகு புளியங்கொட்டையை வறுத்துத் தின்றார்கள், கடைசியில் ஒவ்வொரு வீடாக, பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல், விதையையும் பொங்கித் தின்றார்கள். ஊர்க்கவுண்டர் சாமிக்கென்று முடிந்து வைத்திருந்த விதையைத் தின்றுவிட்டு எலி தின்றதாகச் சொன்னார். அந்த எலிக்கு ஏப்பம் வந்ததை ஊரே கேட்டது. ரத்தினம்மாள் வீட்டு விதையும் உலையில் போனது. பையில் இருந்ததை மட்டும் அவள் தொடவில்லை. வேடியப்பன் பசி மயக்கத்தில் இரண்டு தரம் அந்தப் பக்கம் பார்த்தான். பார்த்துவிட்டு அவனாகவே வெட்கப்பட்டு எழுந்து போய்விட்டான்.

எண்பத்துமூன்று ஆடியில் மழை கொட்டியது. இரண்டு நாளில் மண் பதமாகிவிட்டது, விதைக்கத்தான் ஒன்றும் இல்லை. கீழே சர்க்கார் டிப்போவிலிருந்து விதை வரும் என்று சொன்னார்கள். அது வந்து சேர்வதற்குள் ஈரம் போய்விடும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். மூன்றாம் நாள் காலையில் மணியம்மாள் முறத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். இவள் ரத்தினம்மாளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, ஐந்து பிள்ளை பெற்றவள், குள்ளம், வாய் மட்டும் ஆலமரம். பத்து வீட்டு வாசலில் கேட்டாள். பத்து வீட்டிலும் இல்லை என்று உண்மையைச் சொன்னார்கள். பதினோராவதாக ரத்தினம்மாள் வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் பத்து வீட்டு ஜனமும் நின்றது.

"ரத்தினா, உன் வூட்ல வெதை கீதாடி?"

ரத்தினம்மாள் உள்ளே போய் அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். இது விதையில்லை, என் மாரு என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். சொன்னால் சொன்னதே ரகசியத்தை உடைத்துவிடும். இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாமா என்றும் யோசித்தாள். வெளியே மணியம்மாளின் கடைசிப் பிள்ளை பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தது. வேடியப்பன் உள்ளே வந்து அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னான்: "இல்லன்னு சொல்லிடு. நம்ம காடு மூணு வருசம் காஞ்சா காயட்டும். நீ நாலு பேரு முன்னாடி அப்படி நிக்க வாணாம்." அவன் வாழ்க்கையில் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். அதைக் கேட்டதும் அவளுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. வராமல் இருக்கவேண்டும் என்றுதான் பாவம் அவன் பேசினான். அவள் ரவிக்கைக்குள் கையைவிட்டுப் பையை எடுத்தாள். இடது கால் மண்ணை விட்டு எழும்பியது. அப்படியே வலது காலில் ஊன்றி ஊன்றி வாசலுக்கு வந்தாள்.

ஜனம் முதலில் காலைப் பார்த்தது, பிறகு தட்டையாகக் கிடந்த மாராப்பைப் பார்த்தது, பிறகு கையிலிருந்த பையைப் பார்த்தது. ஆம்பிளைகள் மூன்றையும் பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்ள மேகத்தைப் பார்த்தார்கள். மணியம்மாள் பையை வாங்கினாள். "இன்னாடி இது, உள்ள சூடா கீது?"

"அது இருந்த எடம் அப்படி, அக்கா. நாலு வருசத்துக்கு முன்னால ஆஸ்பத்திரில இந்தப் பக்கத்தை எடுத்துட்டாங்க. அதுக்குப் பதிலா இதான்."

மணியம்மாளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கூடவே கோபமும். "எடி கள்ளி! நான் அஞ்சு பெத்தது, ஒண்ணு செத்தது, எனக்கு மூலம் வந்தது வரைக்கும் உன்கிட்ட சொன்னேனே. நீ இத்தைப் போயி என்கிட்ட மறைச்சிக்கினு இருந்தியா?" என்று திட்டிக்கொண்டே பையின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். வீட்டுக்கு ஒரு பிடி, பதினோரு பிடி. அவரவர் காட்டில் ஒரு மூலையில் விதைத்தார்கள். நாலாவது நாளே முளைத்தது. முளைத்த பயிர் காற்றே இல்லாத நாளிலும் இடது பக்கம் சாய்ந்து நின்றது. அதனால் விளைச்சலுக்கு ஒரு குறையும் இல்லை. அறுக்கிறவர்கள்தான் இரண்டு நாள் கழுத்து வலிக்கிறது என்றார்கள். யார் கொடுத்த விதையோ அவர் பெயரைச் சொல்லித்தான் களத்தில் முதல் படி அளக்கவேண்டும் என்பது வழக்கம். ஊர்க்கவுண்டர் படியைத் தூக்கிக்கொண்டு, "ரத்தினம்மாளோட... அந்த... வந்து..." என்று வேர்த்து விறுவிறுத்து, கடைசியில் "இடதுபக்கச் சாமை" என்று அளந்து முடித்தார். இன்றைக்கும் அதற்கு அதுதான் பெயர். கதிரறுப்பு முடிந்தும் ரத்தினம்மாள் பையை மறுபடி நிரப்பவில்லை. பாதிப் பொம்பளை என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் மணியம்மாள் இருக்கிற ஊரில் இரண்டாம் தரம் சொல்லியிருக்க முடியாது.

அதற்குப் பிறகு பெண்கள் ஒருத்தி ஒருத்தியாக ரத்தினம்மாள் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, "இங்க கொஞ்சம் தொட்டுப் பாரேன்" என்றார்கள். பெரும்பாலும் ஒன்றுமில்லை. கீழத்தெரு ராணியம்மாளுக்கு மட்டும் கொட்டைப்பாக்கு அளவில் ஒன்று இருந்தது, வலியில்லாதது. எட்டு மாதமல்ல, எட்டு நாள்கூட ரத்தினம்மாள் பொறுக்கவில்லை. எண்பத்துநான்கு மாசியில் மணியம்மாளையும் கூட்டிக்கொண்டு, ராணியம்மாளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். சீக்கிரம் வந்ததால் பிழைத்தாள்.

இதற்குள் அந்த வார்டுக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்திருந்தார். எடுத்த இடத்தில் புது மார்பு செய்து வைக்கிற படிப்பு படித்தவர். ராணியம்மாளுக்குச் சொல்லும்போதே, ஓரமாக ஒரு கால் மிதக்க நின்ற ரத்தினம்மாளையும் உட்காரவைத்துச் சொன்னார். சும்மாவும் விடலாம், துணிப்பையும் வைக்கலாம். முதுகுச் சதையைத் தோலோடு முன்னால் திருப்பிக் கொண்டுவந்தும் வைக்கலாம். உள்ளே வைக்கிற வழவழப்பான பை ஒன்றும் உண்டு, அது வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் உயிருக்கு வித்தியாசம் இல்லை, மனசுக்கு எது சரியோ அதுதான் என்றார். மணியம்மாள் விவரம் கேட்டாள்.

"முதுகுல எடுத்தா முதுகு இன்னாங்க பண்ணும்?"

"தழும்பு இருக்கும்மா. கொஞ்ச நாள் பாரம் தூக்கக்கூடாது."

"அவ புருசன் தூக்குவான். பால் வருங்களா?"

"வராது."

"போவுது, பெத்தது போதும்."

ராணியம்மாளுக்கு வயது இருபத்தெட்டு. முதுகுச் சதையே வேண்டும் என்று வெட்கப்படாமல் சொன்னாள். வைத்தார்கள், நன்றாக அமைந்தது, அவள் கால் ஒரு நாளும் எழும்பவில்லை. டாக்டர் ரத்தினம்மாளைப் பார்த்தார். அந்தக் காலை இறக்கிக் காட்டவேண்டும் என்று அவருக்கு ரொம்ப ஆசை. ரத்தினம்மாள் இரண்டு நாள் யோசித்தாள். ராணியம்மாள் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து, அவள் கட்டுப் போட்ட மார்பை ஆசையோடு பார்க்கவும் செய்தாள். மூன்றாம் நாள் சொன்னாள்: "வாணாங்க டாக்டரு. மத்தவங்களுக்குத் தெரியாம இருக்கணும்னுதான் நான் காலைக் கீழ வெச்சிக்கினு இருந்தேன். இப்ப எல்லாருக்கும் தெரியும், எனக்கும் பழகிடுச்சி. காட்ல நடந்தா ஒத்தக் காலுக்குத்தான் முள்ளு ஏறுது." டாக்டருக்கு வருத்தம்தான். சாந்தம்மாள், "இடது கால் நான்கு விரல்கடை, சௌக்கியம்" என்று அட்டையில் எழுதி அனுப்பிவைத்தாள்.

மலைக்குத் திரும்பிய மறுநாள் ரத்தினம்மாள் ஓடையில் பெண்கள் குளிக்கிற இடத்துக்குப் போனாள். எல்லாரையும்போல ரவிக்கையைக் கழற்றிப் பாறைமேல் போட்டாள். தண்ணீர் அவள் வலது காலில் முழங்கால் அளவும் இடது காலில் அதற்கு நான்கு விரல் குறைவாகவும் ஓடியது. யாரோ அவசரமாகச் சாமை விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மணியம்மாள் கையில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து, கேட்காமல் கொள்ளாமல், நீளமாக ஓடியிருந்த அந்தத் தழும்பில் பூசித் தேய்த்தாள். தழும்பு அக்குளைத் தாண்டி மேலே போனது. மணியம்மாள் எக்கி எக்கிப் பார்த்தாள்.

"எட்டலடி, கொஞ்சம் எறங்கு," என்றாள்.

ரத்தினம்மாள் வலது முழங்காலை மடக்கி இறங்கிக்கொடுத்தாள்.