பிஷப்பும் நனைந்த ஆம்புரோசும்

"விடு! பிஷப், விடுன்னு சொல்றேன்ல! அந்த மனுஷன விட்டுத் தொலை!"

கத்திக்கொண்டே மீன் உலர்த்தும் பரணிலிருந்து கீழே குதித்தாள் கெசியா. கையிலிருந்த உப்பு மீன் ஒரு பக்கம் பறந்தது. பாவாடையை முழங்கால் வரை அள்ளிப் பிடித்துக்கொண்டு கூழாங்கல் கரையில் ஓடினாள்.

பயனில்லை. காரியம் முடிந்துவிட்டது. டாட்மன் குடாவின் கண்ணாடித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு பெரிய கறுப்புத் தலை கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதன் வாயில் ஒரு சட்டைக் கை. சட்டைக்குள்ளே ஆம்புரோஸ். அவனுடைய படகு ஆளில்லாமல் அங்கேயே சும்மா ஆடிக்கொண்டு நின்றது.

"காலை வணக்கம், கெசியா" என்றான் ஆம்புரோஸ், மல்லாந்தபடியே.

"வணக்கமா? என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டு வணக்கமா?"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. படகுத்துறையில் தபால் கப்பல் நிற்கிறது. கப்பல் கேப்டன் நாரிஸ் மேல்தளத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். துறையில் பாதி ஊர் நிற்கிறது.

விஷயம் இதுதான். பிஷப் ஒரு நாய். கன்றுக்குட்டி உயரம், கரடியின் கனம், கரிக்கறுப்பு ரோமம். நெஞ்சில் மட்டும் பாதிரியாரின் கழுத்துப் பட்டி போல ஒரு வெள்ளைத் திட்டு. அந்தப் பெயர் வந்த கதை அவ்வளவுதான். எண்ணெய் பூசியது போன்ற ரோமத்தைத் தாண்டித் தண்ணீர் தோலைத் தொடாது. கால் விரல்களுக்கு நடுவே வாத்துக்கு இருப்பது போலத் தோல். ஊர்க் குழந்தைகள் அதன் முதுகில் ஏறி, காதைப் பிடித்து ஓட்டுவார்கள். கொட்டாவி விட்டுக்கொண்டு நடக்கும். குளிர்காலத்தில் காட்டிலிருந்து விறகுச் சறுக்குவண்டியை இழுக்கும். புயலில் படகு கரை சேர முடியாமல் தவித்தால், கயிற்று நுனியைக் கவ்விக்கொண்டு அலைக்குள் பாயும். நியூஃபவுண்ட்லாந்து நாய்க்கு இதையெல்லாம் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கணவன் காய்ச்சலில் போன பிறகு, தனியாக மீன்பிடித் தொழிலை நடத்தும் கெசியாவுக்கு அது பாதி உயிர். அதோடு இரண்டு ஆள் வேலையும் அதுவே செய்யும்.

ஒரே ஒரு குறை. தண்ணீருக்குள் மனிதர்கள் இருப்பது பிஷப்புக்குப் பிடிக்காது. யாராயிருந்தாலும் இழுத்து வெளியே போட்டுவிடும்.

டாட்மன் குடாவில் அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை, பட்டணத்திலிருந்து ஈடித் டீச்சர் வந்து சேரும் வரை. டீச்சர் பொழுதுபோக்குக்காக நீந்துகிறவள். போன வாரம் பிஷப் அவளை மூன்று தடவை கரையேற்றியது. மூன்றாவது தடவை சரியாக மீனவர்கள் வலை உதறும் இடத்தில், நீச்சல் உடையோடு. அன்று மாலையே துறையில் கூட்டம். 'இழுக்கத் தேவையில்லாத ஆளை இன்னும் ஒரு தடவை அது இழுத்தால், தபால் கப்பலில் ஏற்றித் தூரத்துக் கலங்கரை விளக்கத்துக்கு அனுப்பிவிடுவது' என்று சைலஸ் பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். ஊருக்கெல்லாம் பெரியப்பா, அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

அந்தக் கூட்டத்துக்கு வராத ஒரே ஆள் ஆம்புரோஸ். வெளிக்கடல் திட்டில் மீன் பிடிக்கப் போனவன் இப்போதுதான் திரும்புகிறான். திரும்பிய கையோடு, வழக்கம்போல, கெசியாவின் பரணுக்கு நேர் எதிரே படகிலிருந்து விழுந்துவிட்டான். இதையும் சேர்த்து இந்தக் கோடையில் ஐந்து தடவை இப்படி விழுந்திருக்கிறான். நனைந்தவன் எந்த வீட்டுக்கு முன்னால் கரையேறுகிறானோ, அந்த வீட்டில் உலர்ந்த சட்டையும் தேநீரும் சர்க்கரைப்பாகு ஊற்றிய ரொட்டியும் கொடுப்பது இங்கே முறை. அவளும் கொடுத்திருக்கிறாள்.

துறையில் நிறுத்தி வைத்து விஷயத்தைச் சொன்னதும் ஆம்புரோஸின் முகம் வெளுத்தது.

"பிஷப்ப அனுப்பறதா? என்னாலயா?"

"உன்னாலதாண்டா, கோமாளி!" என்றார் சைலஸ் பெரியப்பா. "இந்த ஊர்ல நாங்க யாரும் நீச்சல் கத்துக்கல. பனிக்கட்டி மிதக்குற தண்ணியில நீந்தினா சாவு கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். ஆனா நீ? பாஸ்டன்ல மூணு வருஷம் இருந்தேன், கடல்நாய் மாதிரி நீந்துவேன்னு மார்தட்டினவன். உன்னையெல்லாம் எதுக்கு இழுக்கணும் அது?"

ஆம்புரோஸ் ஆளில்லாமல் ஆடும் தன் படகைத் திரும்பிப் பார்த்தான்.

"பெரியப்பா, பாவம் வாயில்லாத ஜீவன்" என்றாள் கெசியா. "அதுக்கு யாரு பாஸ்டன் போனவன், யாரு போகாதவன்னு தெரியுமா?"

"தீர்ப்பு தீர்ப்புதான் மகளே."

கேப்டன் நாரிஸ் தொண்டையைச் செருமினார். "நாய ஏத்தறதா இருந்தா சீக்கிரம் ஏத்துங்க. நீரோட்டம் திரும்புது."

"ஒரு நிமிஷம்." ஆம்புரோஸ் திடீரென்று பேசினான். "ஒரு சோதனை வெச்சுக்கலாம். நாயைக் கட்டுங்க. நான் இங்கேயிருந்து குதிச்சு என் படகு வரைக்கும் போறேன். போய்ச் சேர்ந்துட்டேன்னா நாய் கப்பலுக்கு."

"சேரலேன்னா?" என்று சிரித்தார் ஒருவர்.

"சேரலேன்னா நாய் இங்கேயே."

கெசியாவுக்கு ரத்தம் கொதித்தது. இவன் என்ன, நாயை அனுப்பியே தீருவேன் என்று நிற்கிறானா? நாலு தடவை தேநீர் கொடுத்தேனே, பாவி!

பிஷப்பின் கழுத்தில் கயிறு கட்டினார்கள். ஆம்புரோஸ் தானே அந்தக் கயிற்றை வாங்கி, கெசியாவின் கையில் கொடுத்தான்.

"ரொம்பக் கெட்டியா பிடிக்காதீங்க" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

பூட்ஸைக் கழற்றினான். குதித்தான்.

தண்ணீர் மூடிக்கொண்டது. அவன் தொப்பி மட்டும் மேலே வந்தது.

"பாரு, பாரு, நடிக்கிறான்!" என்று கூட்டம் கைதட்டியது. "அடியிலயே போறாண்டா, கடல்நாய்!"

தொப்பி மெல்லச் சுற்றியது. ஒரு கை வெளியே வந்தது. ஐந்து விரலும் காற்றைப் பிடித்தன. மறுபடி உள்ளே போனது.

பிஷப் சிரிக்கவில்லை. முன்னங்கால்களைப் பலகையில் ஊன்றி அது விட்ட ஊளையில், துறையில் எல்லோருடைய சிரிப்பும் அறுந்தது. கெசியா அந்தக் கையை இன்னொரு தடவை பார்க்கக் காத்திருக்கவில்லை. கயிற்றை விட்டாள்.

"போ! போடா என் ராஜா!"

கறுப்பு மலை ஒன்று காற்றில் பாய்ந்து விழுந்தது. தொப்பிக்கு அருகே தலை முங்கியது. பிறகு தலை எழும்பியது. வாயில் ஒரு தோள்பட்டை. நாய் அவசரப்படவில்லை, பல்லை அழுத்தவும் இல்லை. முட்டையைத் தூக்கி வருவது போல ஆம்புரோஸைத் தூக்கி வந்து கெசியாவின் காலடியில் போட்டது. போட்டுவிட்டு உடம்பை உதறியதில் சைலஸ் பெரியப்பா தலை முதல் கால் வரை நனைந்தார்.

ஆம்புரோஸ் கடலில் பாதியை வாந்தி எடுத்தான்.

"அடப்பாவி" என்றார் பெரியப்பா, தாடியைப் பிழிந்தபடி. "உனக்கு நீச்சல் தெரியாதா?"

"பாஸ்டன்ல தச்சு வேலை பெரியப்பா. மூணு வருஷமும் ஒரு மச்சுக்குள்ளேயே மரம் இழைச்சேன். கடலைக் கண்ணால பார்க்கல."

"வாயைத் திறந்து சொல்லித் தொலையறதுக்கென்ன?"

"அத்தன வீரம் பேசினவன் இப்ப சொன்னா நீங்க நம்புவீங்களா? நாய்க்காகப் பொய் சொல்றான்னு அதைக் கப்பல்ல ஏத்தியிருப்பீங்க."

ஈடித் டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "இந்த ஆளை இழுக்கத் தேவை இருந்தது. ஆறு தடவையும் இருந்தது. என் புகாரை நான் வாபஸ் வாங்கிக்கிறேன். நான் வேணும்னா மலைக்கு அந்தப் பக்கம் குளத்துல நீந்திக்கிறேன்."

"அப்போ எனக்கு நாய் இல்லை" என்று கேப்டன் நாரிஸ் பெருமூச்சு விட்டு ஊதல் சங்கிலியை இழுத்தார். கப்பல் ஊதியது. கூட்டம் பிஷப்பின் தலையைத் தடவ நான், நீ என்று முண்டியடித்தது. அது எல்லோர் கையிலும் எச்சிலை வழியவிட்டது.

கெசியா மட்டும் நகரவில்லை. தன் சால்வையை எடுத்து ஆம்புரோஸின் தோளில் போட்டாள். அவள் மனம் ஒரு கணக்கில் இடறி நின்றது. நீந்தத் தெரியாதவன். அலையே இல்லாத தண்ணீர். ஐந்து தடவை.

"ஏன்யா" என்றாள் மெதுவாக. "செத்துப் போயிருப்பீங்களே. இதுக்கு முன்னாடி எல்லாத் தடவையும் என் பரணுக்கு எதிர்லயே எப்படி விழுந்தீங்க?"

ஆம்புரோஸ் அவளைப் பார்க்கவில்லை. நாயின் ஈரக் காதைத் திருகிக்கொண்டிருந்தான்.

"பிஷப் விடாதுன்னு தெரியும். அது இழுத்துட்டு வந்தா நீங்க ஓடி வருவீங்கன்னும் தெரியும்." காதை விட்டுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். "உங்க வீட்டுக் கதவத் தட்டி, என்னைக் கட்டிக்கிறீங்களான்னு கேட்கத்தான் வந்தேன் கெசியா, ஒவ்வொரு தடவையும். கதவத் தட்டறதவிடக் கடல்ல விழறது சுலபமா இருந்துச்சு."