பதினெட்டும் தொண்ணூற்றிரண்டும்

என் வீட்டு வரவேற்பறையில் முந்நூற்று நாற்பது படங்கள் இருக்கின்றன. எல்லாம் வட்டுகள், உறை கலையாமல், தட்டுத் தட்டாக. திரைச்சீலைத் துணி விற்கிறவனுக்கு எதற்கு இத்தனை படம் என்று கேட்டால், பகலெல்லாம் திரை விற்கிறேனே, சாயங்காலம் அதை விலக்கிப் பார்க்க வேண்டாமா என்பேன். சிரிப்பார்கள். சிரிக்கிற ஆள் பேரத்தில் பாதி இறங்கிவிட்டான் என்பது எங்கள் குடும்பத்தில் பால்குடி மறக்கும் முன்பே தெரிந்துகொள்கிற பாடம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரம் விடாத மழை. கடையில் ஈ காக்கை இல்லை. சும்மா இருக்கிற கை சுரண்டத்தானே பார்க்கும். விலைச்சீட்டு ஒட்டும் கைமெஷினை வீட்டுக்கு எடுத்து வந்தேன். விமர்சகர்கள் போடுகிற மார்க்கையெல்லாம் கூட்டி வகுத்து, நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்கிற இணையதளம் ஒன்று உண்டு. அதைப் பார்த்து ஒவ்வொரு படத்தின் முதுகிலும் மார்க்கை அச்சடித்து ஒட்டினேன். அதற்குக் கீழே, பேனாவால், என் சொந்த மார்க். அதை மட்டும் கடைப் பாஷையில் எழுதினேன்.

கடைப் பாஷை என்பது எங்கள் அப்பா வைத்துப்போனது. 'நமது சிறு கடை வாழியே.' எண்ணிப் பாருங்கள், பத்து எழுத்து. முதல் எழுத்து ஒன்று, இரண்டாவது இரண்டு, பத்தாவது சைபர். துணிச் சீட்டில் விற்கிற விலை எண்ணில் இருக்கும். வாங்கின விலை இந்த எழுத்துகளில் இருக்கும். எதுவரை இறங்கலாம் என்று கடைக்காரனுக்குத் தெரியும், வாங்க வந்தவருக்குத் தெரியாது.

ஒட்டி முடித்துப் பார்த்தால் மானம் போயிற்று. விமர்சகர்கள் தொண்ணூற்று நாலு கொடுத்த படத்தில் நான் இடைவேளைக்கு முன்பே குறட்டை விட்டவன்; முப்பது போட்டிருந்தேன். அவர்கள் இருபத்தாறோடு விரட்டியடித்ததை நான் ஏழு தடவை பார்த்திருந்தேன். முந்நூற்று நாற்பதில் அவர்களுக்கும் எனக்கும் ஒத்துப்போனது நாற்பத்தொன்றுதான். அன்றிலிருந்து விருந்தாளி யார் வந்தாலும் மேல் மார்க்கைப் பார்த்துத்தான் பேசுவேன். குறட்டை விட்ட படத்துக்கு, "அந்த மௌனம் இருக்கே, அடடா" என்பேன். ஊர் விலைக்கு மேல் ஒரு பொருளை மெச்சினால் ஏமாளி என்பார்கள். நான் ஏமாளியாகப் பிறக்கவில்லை.

இனிமேல்தான் என் மச்சினன் வருகிறான். மனைவியின் கடைசித் தம்பி. படிப்பு முடிந்து இரண்டு வருஷம் எங்கள் கடையில் பில் எழுதினான். மேசைக்கடியில் சினிமாப் பத்திரிகையும் மேசைமேல் துணியுமாக இருந்தவன், பிறகு சினிமாவுக்கே போய்விட்டான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு படம் எடுத்தான். ஒரே படம். விமர்சகர்கள் கொடுத்தது பதினெட்டு. அதில் ஒரு காட்சியை எல்லோரும் பிய்த்தெடுத்திருந்தார்கள். ஒரு கடைக்காரர் நாற்பது துணி பிரித்துக் காட்டுகிறார். வந்தவர்கள் ஒன்றும் வாங்காமல் போகிறார்கள். அவர் எல்லாவற்றையும் திரும்ப மடிக்கிறார். நாலு நிமிஷம், பேச்சே இல்லை.

படம் வந்த வாரம் பெரிய மச்சினி, அதாவது மனைவியின் அக்கா, வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அவனும் இருந்தான். நான் படம் பார்க்கவில்லை, மார்க்கை மட்டும் பார்த்திருந்தேன். அது போதும் என்று நினைத்தேன்.

"நாலு நிமிஷம் துணி மடிக்கிறதப் பாக்கணும்னா எங்க கடைக்கு வாங்களேன். டிக்கெட் வேண்டாம், விசிறியும் உண்டு" என்றேன்.

சகலை சிரித்த சிரிப்பில் புரையேறிற்று. அன்றே அவனுக்கு 'பதினெட்டு' என்று பெயரும் வைத்தேன். அந்தப் பெயர் நின்றுவிட்டது. பிள்ளைகள்கூடப் 'பதினெட்டு மாமா' என்றுதான் கூப்பிடுகின்றன.

ஆறு மாதம் கழித்து அவன் தன் படத்தின் வட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது போட்டுப் பார்த்தேன். அந்த நாலு நிமிஷம் வந்தது. கடைசித் துணியை மடிப்பதற்கு முன் அந்த ஆள் அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுகிறார். அடிபட்ட பிள்ளையைத் தடவுகிற மாதிரி. எங்கள் அப்பா அப்படித்தான் செய்வார். நானும் அப்படித்தான் செய்கிறேன் என்பது அதைப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. மேசைக்கடியில் பத்திரிகை படித்தவன் மேசைக்கு மேலேயும் பார்த்திருக்கிறான். துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அழுதவன் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் என் நகைச்சுவை நாலு வீடு போய்ச் சேர்ந்திருந்தது. விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்று கடையில் பலகை மாட்டியிருப்பவன் நான். மழை வாரத்தில் அந்த வட்டின் மேலே 18 என்று அச்சடித்தேன். கீழே பேனாவால் இரண்டு எழுத்து எழுதி, தட்டில் வைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வந்தான். அக்கா கொடுத்த டீயைக் கையில் பிடித்தபடி உட்காராமலே பேசினான்.

"ஒரு தயாரிப்பாளர் கூப்பிட்டிருக்கார் அத்தான். இன்னொரு படம், சின்னதா. நாளைக்குள்ள பதில் சொல்லணும். இல்லேன்னா விளம்பர ஸ்டுடியோவுல வேலை ரெடியா இருக்கு."

"ரெண்டுல எது நிலையான வேலை?" என்றேன்.

"அதக் கேக்க வரல. நீங்க எத்தனையோ படம் பாத்தவரு. என் படத்துல ஏதாவது இருந்துச்சா, இல்லையா? கிண்டல் வேண்டாம். ஒரு வார்த்த சொல்லுங்க."

மனைவி சமையலறை வாசலிலேயே நின்றாள். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நானோ, "மாப்ள, சரக்க வித்தவன் சொல்றது விலையில்ல, வாங்குறவன் சொல்றதுதான் விலை. சந்தை சொல்லிருச்சே" என்றேன். சொல்லும்போதே நாக்கு கசந்தது.

"சரி" என்றான். டீயை வைத்துவிட்டுத் தட்டுப் பக்கம் போனான். முகத்தைத் திருப்பிக்கொள்ள அவனுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டே வந்தவன் தன் படத்தில் நின்றான். வட்டை வெளியே எடுத்தான்.

"ழி... ம" என்று படித்தான். அவன் விரல்கள் கடை மேசையில் எண்ணுவதுபோல் ஒவ்வொன்றாக மடங்கின. "தொண்ணூத்திரெண்டா அத்தான்?"

அந்தப் பயல் கடைப் பாஷையைக் கற்கவே இல்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். "அது தட்டு நம்பர்" என்றேன். வாயிலேயே பிறந்த பொய், யோசிக்கக்கூட இல்லை.

"அப்ப முந்நூத்தி நாப்பது படத்துக்கும் தட்டு நம்பர்தான் போட்டிருக்கீங்களாக்கும்" என்றாள் மனைவி, தட்டிலிருந்து வேறொரு படத்தை உருவிக்கொண்டே. "இதுல 'துயே'ன்னு இருக்கு. முப்பதா? இந்தப் படத்தத்தானே போன மாசம் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட காவியம்னு சொன்னீங்க?"

"மாப்ள, நல்ல படம்டா" என்றேன். "அந்த மடிக்கிற இடம்... அப்பாவ அப்படியே..."

அவன் வட்டை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தான். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். மனைவிதான் பேசினாள்.

"இந்த நாலு சுவத்துக்குள்ள சொன்னா ஆச்சா? எங்க சிரிக்க வச்சீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க. மத்தியானம் அக்கா வீட்டுலதானே சாப்பாடு."

போனோம். அதே மேசை, அதே முகங்கள். அவன் கடைசி நாற்காலியில். "பதினெட்டுக்கு இன்னும் கொஞ்சம் வைங்க" என்று சகலை தொடங்கினார். நான் எழுந்து நின்றேன். சாப்பாட்டு மேசையில் எழுந்து நிற்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

"இனிமே அந்தப் பேர் வேண்டாம். இவன் படத்த நான் பாத்தேன். என் கணக்குல அது தொண்ணூத்திரெண்டு."

சகலை மேசையைத் தட்டினார். "பாத்தீங்களா, மூஞ்சிய எப்படி வச்சிக்கிட்டுச் சொல்றாரு!" மேசை முழுக்கச் சிரித்தது.

"கிண்டல் இல்ல. நான் அழுதேன்" என்றேன்.

"துணி மடிக்கிறதப் பாத்தா?" என்றாள் பெரிய மச்சினி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "போதும், வயிறு வலிக்குது."

சத்தியம் செய்தேன். அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள். முப்பது வருஷமாக இந்த மேசையில் நான் விற்றது ஒரே சரக்கு. வேறொன்றைக் கொண்டுவந்தால் யார் வாங்குவார்கள்? என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவனும் உதட்டளவில் சிரித்தான், மற்றவர்களுக்குச் சங்கடம் வேண்டாமே என்று.

கை கழுவுமிடத்தில் பக்கத்தில் வந்து நின்றான். குழாயை எனக்காகத் திறந்துவிட்டான்.

"நான் நம்புறேன் அத்தான்" என்றான். "மூணு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா அவங்களும் நம்பியிருப்பாங்க."

திங்கட்கிழமை அவன் தயாரிப்பாளருக்கு முடியாது என்று சொல்லிவிட்டான். இன்னொரு படம் எடுத்து, இன்னொரு நம்பரோடு அந்த மேசையில் வந்து உட்காரத் தெம்பில்லை என்று என் மனைவியிடம் சொன்னானாம். என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்கிற முகமா இது?

அன்று சாயங்காலம் அந்த 18-ஐயாவது உரித்துவிடலாம் என்று வட்டை எடுத்தேன். எங்கள் கடைச் சீட்டு குறுக்கே கீறல் விட்டது. முழுசாக உரியாது. வாங்க வருகிறவர்கள் மலிவுச் சீட்டை எடுத்து நல்ல துணியில் ஒட்டிவிடக் கூடாதே என்று, நாலு ஊர் தேடி நானே பொறுக்கிய ரகம். நகத்தால் அரைமணி நேரம் சுரண்டினேன். எட்டு உரிந்து வந்துவிட்டது. ஒன்று அப்படியே இருக்கிறது.