பச்சையப்பனின் மூச்சு

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்லைடு போடக் கற்றுக்கொடுத்ததுதான் தன் வாழ்நாளிலேயே செய்த நல்ல வேலை என்று ஜபீன் ஒரு மூன்று மாதம் நம்பிக்கொண்டிருந்தாள்.

அவள் பழவேற்காட்டுக்காரி. பஸ் பிடித்துப் பொன்னேரி, அங்கிருந்து ரயிலில் கும்மிடிப்பூண்டி, அப்புறம் பள்ளிக்கூடம் வரை நடை. அறிவியல் டீச்சர். 2008-ல் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு இரும்பு வார்ப்புக் கம்பெனி பள்ளிக்கு ஐந்து கம்ப்யூட்டரும் சுவரில் படம் காட்டும் புரொஜக்டரும் கொடுத்தது. பத்து நாள் பயிற்சிக்கு யார் போவது என்றபோது மற்றவர்கள் எல்லாரும் ஜபீனைக் கைகாட்டினார்கள். போய்வந்தவள் சும்மா இருக்கவில்லை. பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கொரு பாடத்தைப் படமும் ஒலியுமாகச் செய்துவரச் சொன்னாள்.

தேசம்மா எந்தக் குழுவிலும் சேரவில்லை. யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதே சரி. வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டுவாள், பரீட்சையில் முப்பதைத் தாண்டமாட்டாள். ஆனால் மவுசைத் தொட்ட மூன்றாம் நாளே, படத்தின் எந்த இடத்தை அமுக்கினால் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று அவளே அமைத்துக் காட்டினாள். சுவாச மண்டலம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"டீச்சர், உங்க செல்லு ஒருநா குடுப்பீங்களா? சவுண்டு புடிக்கணும்."

ஜபீன் கொடுத்தாள்.

தேசம்மா செய்துகொண்டுவந்ததைப் பார்த்தபோது ஜபீனுக்கு உடம்பு சிலிர்த்தது. திரையில் இரண்டு நுரையீரல். ஒன்றை அமுக்கினால் வகுப்புத் தோழி ஒருத்தி மூச்சு விடும் சத்தம், மெத்தென்று. மற்றதை அமுக்கினால் ஈரச் சாக்கைத் தரையில் இழுப்பதுபோல் ஒரு சத்தம். கூடவே ஒரு எக்ஸ்ரே படம், கம்பெனிச் சட்டை போட்ட ஒரு மனிதரின் புகைப்படம். 'என் அப்பா பச்சையப்பன். இரும்பின் மேல் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்கிறார். அந்தத் தூசி உள்ளே போனால் வெளியே வராது.'

"எப்படிப் புடிச்ச இத?"

"அப்பா நைட்டு ஷிப்டு முட்ச்சிட்டு பகல்ல தூங்க சொல்லோ எட்த்தேன் டீச்சர். அதுக்குத் தெரியாது."

சட்டையில் இருந்த கம்பெனி முத்திரை ஜபீனின் கண்ணில் பட்டது. கம்ப்யூட்டர்களின் மேல் ஒட்டியிருந்த அதே முத்திரை. அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்லலாமா என்று நினைத்தாள். நினைத்தது நிஜம். ஆனால் எல்லாக் குழுவும் புத்தகத்தில் இருந்ததைப் பெயர்த்து எழுதியிருக்க, இது ஒன்றுதான் உயிரோடு இருந்தது. பார்க்கிறவர்கள் தன்னையும் பாராட்டுவார்கள் என்ற ஆசை உள்ளுக்குள் இருந்ததை அவள் பின்னால்தான் ஒத்துக்கொண்டாள். அப்போது, "ரொம்ப நல்லா இருக்குடி" என்று மட்டும் சொன்னாள்.

செயல்திட்டக் கண்காட்சிக்குக் கம்பெனி மேனேஜர் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். தேசம்மா நடுங்காமல் பேசினாள். இரண்டாவது நுரையீரலை அமுக்கியதும் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். சத்தம் நிற்காமல் போகப் போகச் சிரிப்பு அடங்கிப்போயிற்று.

மேனேஜர் முன்னால் சாய்ந்து, "அப்பா பேர் என்னன்னு சொன்னம்மா?" என்று அன்பாகத்தான் கேட்டார்.

"பச்சையப்பன் சார். உங்க கம்பெனிதான் சார்!"

அவர் கைதட்டினார். முதல் பரிசுக் கேடயத்தை அவர் கையாலேயே கொடுத்தார்.

அடுத்த வாரம் தேசம்மா பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் ஜபீன் அவள் வீட்டைத் தேடிப் போனாள். பச்சையப்பன் சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் கையை மட்டும் கூப்பினார். அவர் மனைவி கன்னியம்மா வாசலை மறித்தபடி நின்றாள்.

"காண்ட்ராக்டரு கேட்லயே நிறுத்திட்டான் டீச்சர். சீக்காளிய வேலைக்கு வெச்சிக்கினா கம்பெனிக்கு ஆவாதாம். மூணு வருசமா மறச்சி வெச்சிக்கினு இருந்தோம். இருமல் வந்தா வாயில துணிய அடச்சிக்கினு வேலை செஞ்சிக்கினு இருந்தாரு. ஒரே நாள்ல ஊரறிய மைக்ல போட்டுட்டீங்களே."

"எனக்குத் தெரியாதும்மா. நான் கம்பெனியில பேசிப் பாக்கறேன்."

"இன்னான்னு பேசுவீங்க? மூச்சு நல்லா கீதுன்னா?"

உள்ளே தேசம்மா முகத்தை முழங்காலில் புதைத்து உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டும் நிமிரவில்லை.

ஜபீன் கம்பெனி வாசலில் இரண்டு மணி நேரம் நின்றாள். மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். மறுநாளும் மீட்டிங் என்றார்கள். பச்சையப்பன் என்ற பெயரில் தங்களிடம் ஆளே இல்லை, அதெல்லாம் காண்ட்ராக்டர் ஆள் என்று வாட்ச்மேன் விளக்கினார்.

தலைமையாசிரியர் எம்பார் கெட்டவர் அல்ல. தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, கம்பெனிக்காரா இன்னும் அஞ்சு கம்ப்யூட்டர் தர்றதா இருக்கா. அந்தப் பொண்ணு செஞ்சது எதுலயும் இருக்கக் கூடாதுன்னு கேட்டுண்டிருக்கா. முந்நூறு பிள்ளைகளை நினைச்சுப் பாருங்கோ."

"அந்த ஒருத்தியை யார் சார் நினைக்கிறது?"

அவர் மேசைக் கண்ணாடியைத் துடைத்தார். அன்று சாயங்காலம் ஜபீன் ஐந்து கம்ப்யூட்டரிலும் தேடி அழித்தாள். தன் செல்லில் இருந்ததையும் அழித்தாள். அந்த மூச்சை ஒருமுறை கேட்டுவிட்டு அழிக்கலாம் என்று தோன்றியது. கேட்கத் தைரியம் வரவில்லை.

பள்ளிப் பதிவேட்டில் தேசம்மாவின் பெயர் இரண்டு மாதம் இருந்தது. பிறகு அடித்தார்கள்.

மழைக்காலம் முடிந்த ஒரு மாலை, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் நீலக் கோட்டு போட்ட பெண்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அட்டைப்பெட்டி ஒட்டும் கம்பெனிப் பெண்கள். நடுவில் தேசம்மா. கோட்டு அவளுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. ஜபீன் தன்னையறியாமல் அவளிடம் நடந்தாள்.

தேசம்மா பார்த்துவிட்டாள். பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்கு வந்தாள். குனிந்து தண்ணீர் பிடித்தபடி, முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"எங்கூடப் பேசாதீங்க டீச்சர். பதினெட்டு வயசுன்னு எழுதிக் குட்த்துக்கீறாங்க. படிக்கிற பொண்ணுன்னு தெரிஞ்சா இதுவும் பூடும்."

"அப்பா எப்படி இருக்காரு?"

"படுக்க முடியல. குந்திக்கினேதான் தூங்குது."

"தேசு, நான்..."

"யார்டி அது?" என்று கூட்டத்திலிருந்து ஒரு மேஸ்திரியம்மா குரல் கொடுத்தாள்.

"தெர்லக்கா. டைம் கேட்டுக்கினு இருந்தேன்" என்றாள் தேசம்மா. சொல்லிவிட்டு முதல்முறையாக ஜபீனை நிமிர்ந்து பார்த்தாள்.

அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். அதில் கெஞ்சல்தான் இருந்தது.

ஜபீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். முள் எங்கே நிற்கிறதென்று கண்ணுக்குத் தெரியவில்லை.

"அஞ்சு இருபதும்மா" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

ரயில் வந்தது. நீலக் கோட்டுகள் ஒரே பெட்டியில் ஏறின. ஜபீன் ஏறவில்லை. வண்டி கிளம்பிப் போனபிறகும் குழாய் சரியாக மூடப்படாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. அதை மூடக்கூடத் தோன்றாமல், அடுத்த வண்டிக்கு அங்கேயே நின்றாள்.