உப்புப் போடாத சாஸ்

நேற்று என் வீட்டுக்காரர் சுட்ட கறியில் பாதி அப்படியே மிஞ்சியிருந்தது. வாயில் வைக்க முடியாத உப்பு. தொழிற்சாலை கேன்டீனில் இருநூறு பேர் சாப்பாட்டுக்குக் கையாலேயே உப்பை அள்ளிப் போடுகிற மனுஷன்! காய்ச்சலில் ஒரு மாதம் படுத்து எழுந்து, நேற்றுதான் அடுப்புப் பக்கம் போனார். மொட்டை மாடியில் கரி அடுப்பை மூட்டி, வியர்க்க விறுவிறுக்க நின்று சுட்டார். அந்த முகத்தைப் பார்த்து உப்பு என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? "பிரமாதம்" என்றேன். போதாததற்கு இன்னொரு தடவை கேட்டும் வாங்கிக்கொண்டேன். என் கொழுந்தனுக்கு எதிலும் நொட்டை சொல்லாவிட்டால் தூக்கம் வராது. அவன்கூட மடக் மடக்கென்று தண்ணீரைக் குடித்துவிட்டு, "சூப்பர்ண்ணே" என்று எழுந்து போனான்.

இன்று மதியம் அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து வாணலியை வைத்தேன். கறியைக் குப்பையில் போட்டால் கண்ணில் பட்டுவிடும். பார்பெக்யூ சாஸ் மாதிரி ஏதாவது கிளறிப் பூசிவிட்டால் உப்பு அமுங்கும் என்று கணக்கு. கடைத் தக்காளி சாஸைத் தொடவில்லை, அதில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. பழுத்த தக்காளியை அரைத்து ஊற்றினேன். வதக்கிய வெங்காயம், கை நிறையச் சர்க்கரை, மிளகாய்த் தூள், புகை வாசனைக்கு ஒரு சிட்டிகை காபித் தூள். சொந்த வீட்டு அடுப்படியில் திருடி மாதிரி நின்றிருந்தேன். கரண்டி சட்டியில் இடித்தாலே திக்கென்றது.

"என்ன கிண்டிட்டிருக்க?"

அவர் அடுப்படி வாசலில் நின்றிருந்தார். தூக்கிவாரிப்போட்டதில் கையிலிருந்த வினிகர் பாட்டில் சரிந்து, பாதிக்கு மேல் சட்டிக்குள் போய்விட்டது.

"மிச்சக் கறிக்கு சாஸ்ங்க."

"நல்லா இருக்கற கறிக்கு எதுக்கு சாஸ்?"

"ரெண்டு நாளும் ஒரே மாதிரியா திங்கறது?"

அவர் கரண்டியை வாங்கி, உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கினார். முகம் கோணும் என்று பார்த்தால், நிதானமாகத் தலையை ஆட்டினார். "பக்குவமா வந்திருக்கு."

நானும் நக்கிப் பார்த்தேன். பல்லெல்லாம் கூசி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"விளையாடாதீங்க. உங்களுக்குப் புளிக்கலையா?"

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இனிமே உங்கிட்ட என்ன மறைக்கிறது? காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு ருசியும் தெரியல, வாசனையும் தெரியல. சொன்னா நீ பயந்துடுவேன்னு சொல்லல."

"அடக் கடவுளே!"

"அட, இப்ப பயப்படாத. நாக்கு போனா என்ன, கை இருக்கான்னு பாக்கத்தான் நேத்து சுட்டேன். கறிய எவன் பாத்தான், உங்க மூஞ்சியத்தான் பாத்துட்டிருந்தேன். நீ இன்னொரு தடவை கேட்டப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு. முதலாளி வேற ஆள் தேடிட்டிருக்காராம். காலைல போன் போட்டு, நாளைக்கே வந்துடறேன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஒரு மாதமாக நான் காணாத சிரிப்பு. வாயை மூடிக்கொண்டால் இன்று ஒரு நாள் சிரித்துக்கொண்டிருப்பார். நாளைக்கு இருநூறு தட்டும் அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி வரும், அதோடு வேலையும் போகும். பாவி, நான் சொன்ன ஒரு "பிரமாதம்" அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டது!

"ஏங்க... நேத்து கறி ஒரே உப்பு."

"சும்மா சொல்லாத. கேட்டு வாங்கித் தின்னியே."

"வாங்கினேன். நீங்க திரும்பினப்ப காகிதத்துல சுருட்டி வெச்சுக்கிட்டேன்."

"தம்பி?"

"அவனுக்கும் நான்தான் கண்ண காட்டினேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு கத்திவிட்டு அழுது தீர்த்திருப்பேன். போனைக் கையில் எடுத்தார், யாரையும் அழைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். சட்டியில் சாஸ் அடிப்பிடிக்கத் தொடங்கியது. நான்தான் அடுப்பை அணைத்தேன்.

"இனிமே ஒண்ண ஆக்கி வெச்சுட்டு, உப்பு எப்படி இருக்குன்னு நான் யாரக் கேக்கறது?" என்றார்.

என்னைக் கேளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.