மருமகள் சொல்லாத பெயர்

1989 ஜூலை 17, கள்ளக்குறிச்சி. தாலுகா அலுவலகத்தில் சாதிச் சான்றிதழ் கேட்டு நின்றவர்களின் வரிசை பகல் பதினொரு மணிக்குச் சாலையைத் தொட்டது. தனி இடஒதுக்கீடு கேட்டு வன்னியர்கள் சாலை மறியல் நடத்தி இரண்டு வருடம் ஆகப்போகிறது. மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான புது ஒதுக்கீடு வந்த முதல் வருடம்.

செந்தமிழ்ச்செல்வியின் மனு திரும்பி வந்தது. ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க இன்னும் பதினோரு நாள்தான். சாதி எழுதியிருந்த ஒரே தாள் தாத்தாவின் கிரயப் பத்திரம். அதில் அவர் ஏழுமலை. இறந்துபோன அப்பா வீரமுத்துவின் பள்ளிச் சான்றிதழிலோ, தகப்பனார் பெயர் பூமாலை.

மறுபடி மனு கொடுத்ததும் வருவாய் ஆய்வாளர் விசாரணைக்கு மலையடிவாரத்திலிருந்த அவள் ஊருக்கே வந்தார்.

"உங்க மாமனாரு பேரு இன்னாம்மா?"

அம்மா குஞ்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அத எப்பிடிங்க நான் சொல்றது?"

"பத்திரத்துல ஒருத்தரு, சர்டிபிகேட்ல ஒருத்தரு. உனக்கு ரெண்டு மாமனாரா?"

தெரு சிரித்தது. ஆய்வாளர் 'சாட்சிக்குப் பெயர் தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டு போனார்.

செல்விக்குக் கோபம். அப்புறம்தான் யோசித்தாள். அம்மா திருப்பதி சாமியைப் பெருமாள் என்பாளே தவிர, ஏழுமலையான் என்றதில்லை. பூக்கடையிலும் மாலை என்று கேட்டதில்லை. "தொடுத்தது குடு" என்பாள். இரண்டு பெயருமே அவள் வாயில் வரவில்லையென்றால் ஆள் ஒருவர்தான். ஆனால் வாழவந்தவள் சொல்லமாட்டாள். அந்த வீட்டில் பிறந்தவள் சொல்லலாம்.

மறுநாளே சின்னசேலம் போய், தாத்தாவின் தங்கை கொளஞ்சியம்மாளைத் தாலுகா அலுவலகத்துக்கு அழைத்து வந்தாள்.

"எங்க தாத்தா பேரு ஏழுமலைங்க. அத அண்ணனுக்கு வெச்சாங்க. மாமனாரு பேரச் சொல்லி எங்கம்மா புள்ளையத் திட்ட முடியுமா? அதான் பூமாலைன்னு கூப்டுச்சு. ஊரும் அப்பிடியே கூப்டுது."

"ரெண்டு அண்ணன் இல்லன்னு எப்பிடி நம்புறது ஆயா?"

"இருந்திருந்தா பொங்கச்சீரு ரெண்டு வந்திருக்குமே! கட்டிக்கினு போன நாள்லேர்ந்து ஒண்ணுதான் வந்துக்கினு இருந்துது. எம்மாமியாரு அதுக்கே குத்திக்காட்டுவா."

ஆய்வாளர் பேனாவை எடுத்தார். வாக்குமூலத்தில் கொளஞ்சியம்மாள் கைநாட்டு வைத்தாள். கூட வந்திருந்த ஊர்க்காரர் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

சான்றிதழ் 26ஆம் தேதி கிடைத்தது. விண்ணப்பம் மறுநாள் பதிவுத் தபாலில் போனது.