எட்டுப் பேரைப் பிடித்த ஈ

1969 பொங்கலுக்கு மறுநாள், தீவின் மின்னி பே கடற்கரையில் தமிழ்க் குடும்பங்கள் கூடி விளையாட்டுப் போட்டி நடத்தின. கயிறு இழுப்பதில் பெண்கள் அணி ஆண்களிடம் தோற்றது. தோற்றது என்றால், எட்டுப் பேரும் மணலில் குப்புற விழுந்து இழுபட்டுப் போனார்கள்.

விழுந்தவர்களில் ஜெயலட்சுமியும் ஒருத்தி. கணக்கு டீச்சர். மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

"என்ன டீச்சர், அடுத்த வருஷம் பார்க்கலாமா?" என்றார் ஆண்கள் அணித் தலைவர் ஜெகநாதன். ஹெட் கிளார்க்.

புடவை மணலைத் தட்டிக்கொண்டே ஜெயலட்சுமி சொன்னாள்: "இப்பவே இழுங்க சார். நான் ஒருத்தியே புடிக்கிறேன்."

"அரே, ஒருத்தியேவா!"

"ஆனா கயித்தை அந்தக் கம்பத்துல மூணு சுத்து சுத்திப்பேன்."

படகு கட்ட நட்டிருந்த தடித்த மரக் கம்பம் அது. பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த சிலுவைராஜும் கூட்டாளிகளும் உடனே சிரிக்கத் தொடங்கினார்கள். தினமும் படகு கட்டுகிறவர்களுக்கு என்ன நடக்கும் என்று தெரியும். ஆபீஸ்காரர்களுக்குத் தெரியவில்லை.

"சலோ!" என்றார் ஜெகநாதன்.

ஆண்கள் எட்டுப் பேரும் இழுத்தார்கள். கயிறு முறுக்கேறி முனகியது. கம்பத்தில் மூன்று சுற்று சுற்றிய மறுமுனையை ஒற்றைக் கையில் பிடித்தபடி ஜெயலட்சுமி நின்றாள். கயிறு நகரவில்லை. மறுகையால் அவள் கொண்டையைச் சரிசெய்துகொண்டபோது, வேடிக்கை பார்த்த அவளுடைய மாணவிகள் ஓவென்று கத்தினார்கள்.

"என்ன மந்திரம் டீச்சர்?" ஜெகநாதனுக்கு மூச்சு வாங்கியது.

"மந்திரம் இல்ல சார். ஈ."

"எட்டு ஆம்பளைய ஒரு ஈயா புடிச்சு வச்சிருக்கு?"

"இங்கிலீஷ் எழுத்து சார், ஒரு எண்ணோட பேரு. ரெண்டு புள்ளி ஏழு ஒண்ணு எட்டுன்னு முடிவில்லாம போகும். கம்பத்தைத் தொடுற ஒவ்வொரு துளிக் கயிறும், தனக்கு வர்ற இழுப்புல ஒரே பங்கைக் குறைச்சு அடுத்ததுக்குக் குடுக்குது. இருக்கிறதுக்குத் தக்கபடி கூடுறதோ குறையுறதோ எதுவானாலும் கணக்குப் போட்டா இந்த எண்தான் வந்து நிக்கும். இந்தக் கயிறும் கம்பமும் உரசுற உரசலுக்கு, ஒரு சுத்துல உங்க பலம் சுமாரா ஆறுல ஒண்ணாகுது. ரெண்டாவது சுத்துல அதுலயும் ஆறுல ஒண்ணு. மூணாவதுல..."

"இருநூத்துச் சொச்சத்துல ஒண்ணு!" என்று கத்தினாள் அவளுடைய மாணவி செலின்.

"கேட்டீங்களா? எனக்கு ஏதோ குழந்தை இழுக்கிற மாதிரிதான் இருந்துச்சு."

ஜெகநாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்து கயிற்றைத் தானே பிடிப்பதாகச் சொன்னார். அவர் மனைவி மங்கையர்க்கரசி, பெண்கள் எல்லாரையும் திரட்டிக்கொண்டு எதிரே நின்று இழுத்தாள். "இழு மங்கை, இன்னும் இழு!" என்று அவரே உற்சாகப்படுத்தினார். பிறகு கயிற்றைப் பிடித்துப் பார்க்க வரிசை நீண்டது.

சிலுவைராஜ் ஜெயலட்சுமியிடம் வந்தார். "நாங்க அன்னாடம் சுத்துறோம் டீச்சர். இதுக்குன்னு ஒரு எண்ணு இருக்குன்னு இப்பதான் கேக்குறேன்."

"நான் இந்த எண்ணை எட்டு வருஷமா போர்டுல எழுதுறேன்ணே. கையில புடிச்சுப் பார்த்தது இன்னைக்குத்தான்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவங்க இழுக்கிறப்ப கயிறு நிக்குமான்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சு."

சொல்லிவிட்டு, தப்பாகவே வந்துகொண்டிருந்த கணக்கொன்று திடீரென்று சரியாக வந்த பிள்ளையைப்போல வாய்விட்டுச் சிரித்தாள்.