அந்தப் பாதி என்னுடையதில்லை

முழங்கால் போனதும் டீம் எனக்குக் கொடுத்தது ஒரு வெள்ளைச் சட்டையும் ஒரு விசிலும். எங்கள் வின்டன் ஊர்ப் பக்கத்தில், உயரத்து வளையத்தில் பந்தைப் போடுகிற இந்த நெட்பால் ஆடவேண்டுமானால் ஒவ்வொரு டீமும் ஓர் அம்பயரைக் கொடுத்தாகவேண்டும். இல்லாவிட்டால் புள்ளியில் கைவைத்துவிடுவார்கள். யார் போவது என்று பேச்சு வந்தது. எல்லோரும் ஷூ கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லோர்னாதான் ஆரம்பித்தாள்.

“நம்ம ஏவ்ரில் இருக்காளே. வீட்டுல புருஷனா, புள்ளையா? ஜாலியா ஊதிட்டு வரட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். லோர்னா என்ன சொன்னாலும் எனக்குக் கோபம் வராது. என் வீட்டுக்காரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன வருஷம், என்னைக் கையைப் பிடித்து இந்த டீமுக்கு இழுத்துவந்தவள் அவள். வருஷக்கணக்காக ரெண்டு பேரும் எதிராளி பந்தைப் போடவிடாமல் ஒரே வளையத்துக்குக் கீழே காவல் நின்றோம். சனிக்கிழமை ஆட்டம் முடிந்தால் அவள் வீட்டில் சூடாக சீஸ் ரோல், டீ, ஊர்வம்பு. வாரத்தில் நான் இன்னொரு மனுஷியோடு உட்கார்ந்து சாப்பிடுவது அந்த ஒரு வேளைதான். மற்ற நாளெல்லாம் தீவனக் கடையில் “எத்தனை மூட்டை?” என்று கேட்பதோடு என் பேச்சு முடிந்துவிடும்.

முதல் ஆட்டம் சின்னப் பெண்களுடையது. சின்னப் பெண்கள் பாவம், சமர்த்தாக ஆடினார்கள். அவர்கள் அம்மாக்கள் இருக்கிறார்களே, அப்பப்பா!

“அம்பயரக்கா, விசில் ஊதறீங்களா, பெருமூச்சு விடறீங்களா?” என்றாள் ஒருத்தி.

போதாக்குறைக்கு, ஒவ்வொரு தடவை ஊதியதும் தப்பு செய்த பெண்ணிடம் மன்னிப்பும் கேட்டுத் தொலைத்தேன். அம்பயர்களைப் பழக்குகிற ஜோஸ்லின் கோட்டுக்கு வெளியே என் கூடவே நடந்துவந்தாள். என் வயதில் பாதிகூட இருக்காது, வாய் மட்டும் ரெண்டு பங்கு.

“யாரு செத்துட்டாங்க, சாரி கேக்கறீங்க? ஊதுங்க. யாருன்னு சொல்லுங்க. எந்த இடம்னு காட்டுங்க. அவ்வளவுதான். அப்புறம் ஒண்ணு, உங்க வலது கைப் பக்கத்துப் பாதிதான் உங்களுது. அடுத்த பாதி இன்னொரு அம்பயரோடது. அங்க கொலையே நடந்தாலும் நீங்க ஊதக்கூடாது.”

வீட்டு கராஜில் நின்று ஊதிப் பழகினேன். பக்கத்து வீட்டு நாய் ஒவ்வொரு விசிலுக்கும் குரைத்தது. நாலு சுவருக்குள்ளே இருந்த எனக்குப் பதில் சொல்ல ஒரு ஜீவன் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர் முற்றுவதற்குள் என் விசில் தேறிவிட்டது. ஊதினால் ஆடுகிறவர்கள் அப்படியே நின்றார்கள். நிமிர்ந்து நடந்தேன். ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் அம்பயர் எந்த டீமோடும் ஒட்டி நிற்கக்கூடாது. இடைவேளையில் ஆடுகிறவர்கள் ஆரஞ்சுச் சுளையைப் பங்குபோட்டுக்கொண்டு கும்மாளம் போடுவார்கள், நான் மறு ஓரத்தில் தண்ணீர் பாட்டிலோடு தனியாக நிற்பேன். கொஞ்ச நாளில் எங்கள் டீமே நான் பக்கத்தில் போனால் பேச்சை மாற்ற ஆரம்பித்தது. வலிக்கத்தான் செய்தது. லோர்னா வீட்டு டீ இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அப்புறம் வந்தது அரையிறுதி. எங்கள் டீம் ஆடுகிறது, நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். வரவேண்டிய அம்பயரின் கார் பனியில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது என்று போன் வந்தது. எதிர் டீம் கேப்டன், “ஏவ்ரில்தானே? ஊதட்டும், எங்களுக்குப் பரவாயில்லை” என்றுவிட்டாள். ஒரு பாதிக்கு ஜோஸ்லின், ஒரு பாதிக்கு நான்.

கடைசி நிமிஷம். ரெண்டு டீமும் சமம். லோர்னா காவல் நின்ற வளையம் என் பாதியில். அந்தப் பக்கத்துப் பெண் பந்தைத் தூக்கினாள், லோர்னா தடுக்க எம்பினாள், கை பட்டென்று அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் விழுந்தது. என் விசில் யோசிக்கவே இல்லை.

“கை பட்டது. கோல் கீப்பர், ஒதுங்கி நில்லு.”

“ஏய், நானா?” என்றாள் லோர்னா, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பந்து அந்தப் பெண்ணின் கையை விட்டுப் போகும்வரை தப்பு செய்தவள் பக்கத்தில் மரமாக நிற்கவேண்டும். நின்றாள். பந்து வளையத்தில் இறங்கியது.

உடனே எங்கள் ஆட்கள் பந்தை மறுகோடிக்கு விரட்டிக் கொண்டுபோய், எங்களுக்குக் கோல் போடுகிற மொய்ராவிடம் சேர்த்தார்கள். மொய்ரா கோலுக்குக் குறி பார்க்கும்போது, எதிர் டீம் காவல்காரி அவள் இடுப்பில் முழங்கையால் ஒரு இடி இடித்தாள். பந்து வளையத்தைத் தொடாமலே கீழே விழுந்தது. ஜோஸ்லின் நின்ற இடத்திலிருந்து மொய்ராவின் முதுகுதான் தெரிந்திருக்கும். எனக்கு முழங்கையே தெரிந்தது.

எங்கள் டீமின் ஏழு பேரும் ஜோஸ்லினை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். விசில் என் பல்லுக்கு நடுவில் இருந்தது. அந்தப் பாதி என்னுடையதில்லை. அடக் கடவுளே, எப்படி ஊதுவேன்? ஆட்டம் முடிந்துவிட்டது. ஒரே ஒரு கோலில் தோற்றோம்.

கார் நிறுத்துமிடத்தில் லோர்னா என்னிடம் வந்தாள்.

“மொய்ராவை இடிச்சதைப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“நல்லாப் பாத்தியா?”

“நல்லாவே பாத்தேன்டி.”

தலையாட்டினாள். “என்னை ஊதினது சரிதான். கை பட்டுச்சு, எனக்கே தெரியும். அங்க ஊதாததும் சரிதான். ரூல் எனக்குத் தெரியாதா?”

எனக்கு உயிர் வந்தது. “அப்ப வீட்டுக்கு வரேன். போற வழியில சீஸ் ரோலுக்கு பிரெட் வாங்கிக்கலாமா?”

அவள் பையைக் காரில் போட்டாள். கதவைச் சாத்தவில்லை.

“இன்னைக்கு வேண்டாம்டி.”

“அடுத்த சனிக்கிழமை?”

“உன் மேல தப்பே இல்ல ஏவ்ரில். அதுதான்டி எனக்குத் தாங்கல. நீ தப்பு பண்ணியிருந்தா, வாய்க்கு வந்தபடி திட்டிட்டு, கூட்டிட்டுப் போய் டீ போட்டுக் கொடுத்திருப்பேன்.”

கார் போய்விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது ஜோஸ்லின் ஓடிவந்தாள்.

“பிரமாதமா ஊதினீங்க! அடுத்த சனிக்கிழமை இறுதி ஆட்டம், நீங்கதான் ஊதறீங்க. முடிஞ்சப்புறம் உங்களுக்கு ஏதாவது வேலை இருக்கா? கொஞ்சம் லேட்டாகும்.”

“இல்ல,” என்றேன். “ஒரு வேலையும் இல்ல.”